புதியவரை அழைக்கச் செல்வோர்க்கு ஒரு பயிற்சிப் பாடம்



நம் சங்கங்களில் ஆண்டுக்கு ஒருமுறை 'உறுப்பினர் சேர்க்கை' என்றொரு பணி நடைபெறுவது வழக்கம். ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நால்வர் ஐவராகப் புறப்படுகிறோம். மாலைக்குள் இத்தனை பெயர் சேர்ந்தது என்று செயலாளரிடம் கணக்குக் கொடுக்கிறோம். அந்த எண் ஆண்டறிக்கையில் அச்சாகிறது. அப்படிச் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் நம்முடன் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நாம் எண்ணுவதில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாவது எண்ணைப் பற்றியது.

யான் நெடுங்காலம் பள்ளி ஆசிரியையாகவும், பிற்பகுதியில் ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குக் கற்பிக்கும் முறைகளைப் பயிற்றுவிப்பவளாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பயிற்சி மாணவி ஒருத்தியை முன்தயாரிப்பு இன்றி வகுப்பறைக்குள் நாங்கள் அனுப்பியதில்லை. பாடக்குறிப்பு எழுதி, தோழியர் முன் ஒத்திகை பார்த்து, குறைகளைத் திருத்திக்கொண்ட பிறகே குழந்தைகள் முன் நிற்பாள். ஆனால் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டு வாயிலுக்கு நம் உறுப்பினர்களை எவ்விதப் பயிற்சியும் இன்றி அனுப்பிவிடுகிறோம். குழந்தைகளாவது ஆசிரியையின் பிழையைப் பொறுத்துக்கொண்டு மறுநாளும் வருவர். பெரியவர்கள் வரமாட்டார்கள்.

இப்பணி ஏன் இன்று முதன்மையானது?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உள்ள சமணர் தொகை 89,265. வடமாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்த எண் இது. வந்தவாசி, ஆரணி, போளூர், செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் ஜினாலயத்தைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல, படிப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் சென்னை, வேலூர், காட்பாடி, பெங்களூர் என்று பிரிந்து சென்றுவிட்டன. ஊரில் இருந்தவரை எவரும் எவரையும் சங்கத்திற்கு அழைக்க வேண்டியதில்லை. ஆலயமணி ஒலித்தால் போதும். வராதவர் வீட்டில் என்ன உடல்நலக் குறைவோ என்று விசாரிக்க இரண்டு பேர் புறப்பட்டுவிடுவர். நகரத்திலோ அடுத்த தெருவில் நம்மவர் இருப்பதே மூன்றாண்டு கழித்துத்தான் தெரிய வருகிறது. ஊர் தானாகச் செய்த பணியை நகரத்தில் சங்கம் முயன்று செய்ய வேண்டியுள்ளது.

என் தவறு ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் காட்பாடியில் புதிதாக எழுந்த குடியிருப்பு ஒன்றில், வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த இளங்குடும்பம் குடியேறியதாகக் கேள்விப்பட்டு, நாங்கள் நால்வர் சென்றோம். கணவன், மனைவி, ஒரு பெண்குழந்தை. அன்புடன் வரவேற்று, நால்வருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள் அப்பெண். எங்களுள் ஒருவர், "தம்பிக்கு எங்கே வேலை?" என்று கேட்டார். "ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன்" என்றார் அவர்.

எவரும் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் விரைவாக ரசீதை எழுதிக் கொடுத்தேன். நாங்கள் எழுந்தபோது நான்கு தம்ளர்களிலும் தண்ணீர் அப்படியே இருந்தது. அவ்வாண்டு அறிக்கையில் அவர்கள் இருவரும் புதிய உறுப்பினர்கள். ஒரு கூட்டத்திற்கும் அவர்கள் வரவில்லை.

ஓராண்டு கழிந்து காட்பாடி இரயில் நிலையத்தில் அப்பெண்ணைக் கண்டேன். நலம் விசாரித்துவிட்டு, ஏன் வருவதில்லை என்று கேட்டேன். அவள் தாழ்ந்த குரலில், "அம்மா, எங்கள் பெயரை எழுதிக்கொண்டு போனீர்கள். எங்களை வரச் சொல்லவில்லையே" என்றாள். இத்தனை ஆண்டுகள் பயிற்றுவித்த எனக்கு அப்போது விடை சொல்லத் தெரியவில்லை.

கொல்லாமை நம் அறத்தின் வேர். அதனை எவரும் தளர்த்த வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆயினும் நற்காட்சியின் எட்டு உறுப்புகளை நினைவுகூர்வோம். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், தமிழில் அருங்கலச்செப்பும் விளக்கும் அவ்வெட்டினுள் அறத்தை விளங்கச் செய்யும் பிரபாவனை இரத்தினகரண்டகத்தில் எட்டாவதாக நிற்கிறது. அதற்கு முன்னரே, மூன்றாவதாக அருவருப்பின்மையும், ஐந்தாவதாகப் பிறர் குறையை மறைக்கும் உபகூகனமும், ஆறாவதாகத் தளர்ந்தவரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணமும், ஏழாவதாக அறவழி நிற்போர்பால் கொள்ளும் வாத்சல்யமும் வைக்கப்பட்டுள்ளன. நாங்களோ முன்னவற்றைத் தாண்டி எட்டாவது படியில் கால் வைக்கப் பார்த்தோம்.

தோல் தொழிலே வாழ்வாதாரமாக உள்ள இவ்வட்டாரத்தில், நம் பிள்ளைகள் சிலர் அத்தொழிலின் அலுவலகங்களில் கணக்கெழுதிப் பிழைக்க நேர்கிறது. அதனால் உண்டாகும் மனச்சுமையை அவர்களே முதலில் சுமக்கிறார்கள். அதைப் பற்றி அமர்ந்து சிந்திக்க உரிய இடம் சங்கம். நம் முகம் வாடுவதைக் கண்டு அவர் அந்த இடத்திற்கே வராமற்போனால், அவரும் இழக்கிறார், அறமும் இழக்கிறது. வேறு வேலை தேடித்தர நம்மிடம் வழியில்லை எனில், இருக்கும் வேலையைப் பழிக்கவும் நமக்கு உரிமையில்லை.

அறிவொளி இயக்கம் காட்டிய வழி

மக்களை அழைப்பதற்கு மக்களைப் பயிற்றுவித்தல் என்னும் பணியைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஓர் இயக்கத்தை நம் தலைமுறை கண்ணாரக் கண்டது. 1988 மே 5 அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பெற்றது. கேரளத்தின் எர்ணாகுளம் 1990 பிப்ரவரி 4 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் அதுவே முதல் மாவட்டம். அடுத்து 1991-இல் நம் மாநிலத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில் அறிவொளி இயக்கம் வேரூன்றியது.

வயது வந்தோரை ஆணையிட்டு வகுப்புக்கு வரவழைக்க இயலாது. கற்பிக்க முன்வந்த தொண்டர்களுக்கும் ஊதியம் இல்லை. ஆகவே அவ்வியக்கம் இருமுறை அழைக்க வேண்டியிருந்தது: முதலில் தொண்டர்களை, பின்னர் கற்போரை. பாட்டும் வீதிநாடகமும் கொண்ட கலைப்பயணக் குழுக்கள் ஊர்ஊராகச் சென்றன. வீடுவீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. கருத்தாளர்கள் முதன்மைப் பயிற்சியாளர்களுக்கும், அவர்கள் தொண்டர்களுக்கும் பயிற்சியளித்தனர். ஒரு தொண்டருக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் என்று பொறுப்புப் பிரிக்கப்பட்டது. பாடநூல் 'அ, ஆ' என்று தொடங்காமல் கற்போர் வாழ்வில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கியது. 'அறிந்ததிலிருந்து அறியாததற்கு' என்று நாங்கள் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதி அங்கே தெருத்திண்ணையில் உயிர்பெற்றது.

புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற செய்தி பலரும் அறிந்ததே. எழுத்தோடு சைக்கிளையும் இயக்கம் சேர்த்துக் கற்பித்தது. தண்ணீர் எடுக்கவும், வேலைக்குச் செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஆண்துணைக்காகக் காத்திருந்த பெண்களுக்கு அது உடனே கைகொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆர்வத்துடன் வந்தனர். தமக்கு வேண்டியது கிடைக்கும் இடத்திற்கு மக்கள் தாமே வருவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எங்கள் பகுதியில் எழுத்தறிவு வகுப்புகள் நடந்த நாட்களில் நான் கண்ட ஒன்றையும் கூறுவேன். தொண்டராக வந்த இளம்பெண் ஒருத்தி முதல்நாள் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு திண்ணையில் அமர்ந்தாள், எவரும் வரவில்லை. மறுநாள் பலகையை வீட்டிலேயே வைத்துவிட்டு, பீடி சுற்றும் பெண்களுடன் அமர்ந்து இலை வெட்டிக் கொடுத்தாள். நான்காம் நாள் அவர்களுள் ஒருத்தி தன் பாஸ் புத்தகத்தை நீட்டி, "இதுல எத்தினி பீடின்னு எழுதியிருக்கான், பாத்துச் சொல்லு கண்ணு" என்றாள். அன்றே அங்கு வகுப்பு தொடங்கிவிட்டது. எண்களில் தொடங்கி, பிறகு எழுத்துக்கு வந்தார்கள்.

இவ்வியக்கத்தின் தளர்ச்சியும் நமக்குப் பாடமே. விழா எடுத்து அறிவித்த பிறகு பல இடங்களில் தொடர்கல்வி மெலிந்தது. படிக்க நூலும் கூடியிருக்க இடமும் இல்லாதோர் கற்ற எழுத்தை மறந்தனர். சேர்ப்பதற்குக் காட்டிய ஊக்கத்தில் பாதியேனும் தக்கவைப்பதற்கும் வேண்டும்.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இப்பாடத்தை ஓரளவு கற்றுக்கொண்டன எனலாம். குழு ஒன்றுக்குப் பன்னிரண்டு முதல் இருபது பேர்தாம். ஊக்குநருக்கும் பிரதிநிதிக்கும் தனிப்பயிற்சி உண்டு. உறுப்பினர்க்கும் பயிற்சி உண்டு. குழு சிறிதாக இருப்பதால் ஒருத்தி வராவிட்டால் அந்த வெற்றிடம் கண்ணுக்குத் தெரிகிறது. நூறு பேர் பட்டியலில் அது தெரிவதில்லை.

ஐந்து பாடங்கள்

மேற்கூறியவற்றை மனத்திற்கொண்டு, நம் சங்க உறுப்பினர்க்கான பயிற்சியை ஐந்து பாடங்களாக வகுத்துள்ளேன். வாரம் ஒரு மணிநேரம் போதும். எட்டுப் பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டா.

முதற் பாடம்: நம்மை நாம் காணுதல். கடந்த மூன்று கூட்டங்களை நினைவுகூருங்கள். யார் பேசினர்? யார் வாய் திறக்கவில்லை? கூட்டம் வைத்த நேரத்தில் வேலைக்குச் செல்லும் பெண் வரக்கூடுமா? கைக்குழந்தையுடன் வருபவர் எங்கே அமர்வார்? புதிதாக வந்தவரிடம் எவரேனும் தாமாகச் சென்று பேசினரா? விடைகளைத் தாளில் எழுதுங்கள். விருந்தினரை அழைக்குமுன் வீட்டைப் பெருக்குவது போன்றது இது.

இரண்டாம் பாடம்: கேட்கப் பழகுதல். இருவர் இருவராக அமருங்கள். ஒருவர் மூன்று நிமிடம் தம் குடும்பம் இந்நகருக்கு வந்த கதையைக் கூற வேண்டும். மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, பிறகு கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எளிதெனத் தோன்றும். செய்து பார்த்தால், நம்முள் பலர் முதல் நிமிடத்திலேயே அறிவுரை கூறத் தொடங்குவதைக் காண்பீர்கள். ஆசிரியைகளாகிய எங்களுக்கு இந்நோய் சற்று அதிகம்.

மூன்றாம் பாடம்: வாயிற்படி ஒத்திகை. ஆசிரியப் பயிற்சியில் நுண்ணிலைக் கற்பித்தல் என்றொரு முறை உண்டு. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு, ஐந்து முதல் பத்து நிமிடம் சிலர் முன் கற்பித்து, கண்டோர் கூறும் கருத்தைக் கேட்டு, மீண்டும் அதையே செய்து காட்டுவது. அதையே இங்கும் கையாளலாம். இருவர் விருந்தினராகவும், இருவர் வீட்டாராகவும், மற்றவர் நோக்குநராகவும் அமர்க. தொடக்கம் இவ்வாறு அமையலாம்:

"வணக்கம் அம்மா. நாங்கள் காந்தி நகரிலிருந்து வருகிறோம். நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று புதிதாக வந்திருப்பதாக அறிந்தோம். இப்போது பேச நேரம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்னொரு நாள் வருகிறோம்."

"உள்ளே வாங்க அம்மா. இப்பதான் வேலையிலிருந்து வந்தேன்."

"அப்படியானால் சற்று உட்கார்ந்து இளைப்பாறு அம்மா. நாங்கள் காத்திருக்கிறோம். ஊர் மாறி வந்ததில் எது சிரமமாக இருக்கிறது?"

இவ்வுரையாடலில் சந்தா என்னும் சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல்நாள் ரசீதுப் புத்தகத்தை எடுத்துச் செல்லாதீர்கள். முதற் சந்திப்பில் நாமாகக் கேட்கலாகாத கேள்விகள் நான்கு: என்ன வேலை, என்ன சம்பளம் என்பது ஒன்று, குழந்தை ஏன் இல்லை என்பது ஒன்று, பெண்ணெடுத்த இடம், பெண்கொடுத்த இடம் எது என்பது ஒன்று, இரவு உணவு எத்தனை மணிக்கு என்பது மற்றொன்று. சூரியன் மறையுமுன் உண்ணும் நோன்பு உயர்ந்தது. ஆனால் ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணிடம் முதல்நாளே அதைக் கேட்பது அவளைக் கூண்டில் நிறுத்துவதாகும்.

அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்திகையில் வீட்டாராக இருப்பவர், விருந்தினர்க்குச் சங்கடம் தரும் விடை ஒன்றை வேண்டுமென்றே கூற வேண்டும். "நான் தோல் கம்பெனியில் வேலை செய்கிறேன்", "என் மனைவி வேறு சமயத்தவர்", "பத்தாண்டுகளாக ஆலயத்திற்குச் சென்றதில்லை" என்பன போல. விருந்தினரின் முகமும் கையும் அப்போது என்ன செய்கின்றன என்பதை நோக்குநர் குறித்துக்கொள்க. பிறகு மீண்டும் ஒருமுறை செய்க. இப்பயிற்சியில் வேறெதையும் விட்டாலும் இதை விடலாகாது. மேலும், அவ்வீட்டில் கேட்டது அவ்வீட்டு வாயிலைத் தாண்டலாகாது. உபகூகனம் என்பதன் நடைமுறைப் பொருள் இதுவே.

நான்காம் பாடம்: முதல்நாள் ஏற்பாடு. கூட்டத்திற்குத் தனியே வரச் சொல்லாதீர்கள். ஒருவர் சென்று உடன் அழைத்து வர வேண்டும். மேடையில் எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகப்படுத்துவது பலருக்குக் கூச்சம் தரும். அதற்கு மாறாகச் சிறு பணி ஒன்றைக் கொடுங்கள்: பூஜைப் பொருட்களை எடுத்துவைத்தல், குழந்தைகளுக்குக் கதை சொல்லுதல், வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுதல். கையில் வேலை இருப்பவர் தம்மை அயலாராக உணர்வதில்லை. கணக்குத் தெரிந்த இளைஞரிடம் சங்கக் கணக்கைச் சரிபார்க்கக் கொடுத்தால், அவர் எந்த அலுவலகத்தில் பணிபுரிந்தாலும் நம் கணக்கு நேராகும்.

ஐந்தாம் பாடம்: தொண்ணூறு நாட்கள். புதிய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக் குடும்பத்தை நியமியுங்கள். மூன்று மாதம் வரை வாரம் ஒருமுறையேனும் பேச வேண்டும். அவர்க்கு வேண்டிய உதவி எது என்று அறிந்து செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, 2014 ஜனவரியில் மத்திய அரசு சமணரைத் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தது. பிள்ளைகளின் படிப்புக்காக இதற்குரிய சான்றிதழ் பெறும் வழி அறியாத குடும்பங்கள் உள்ளன. அவர்களுடன் ஒருநாள் வட்டாட்சியர் அலுவலகம் சென்று வந்தால், அது பத்துச் சொற்பொழிவுக்கு ஈடாகும்.

விலகியவர்க்கும் ஒரு பட்டியல் வேண்டும். தசலக்ஷண பர்வம் நிறைவுற்று க்ஷமாவணி நாளில் அனைவரிடமும் மன்னிப்புக் கோருகிறோம். பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவரிடமே கோருகிறோம். அந்நாளில் ஒரு குழுவினர் விலகிச் சென்ற குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று, "எங்களால் ஏதேனும் மனவருத்தம் நேர்ந்ததா?" என்று கேட்டு, விடையை மறுக்காமல் கேட்டு வர வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் கலந்தாய்வதற்குச் சில வினாக்கள்

1. மூன்றாண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களுள் இன்று வருவோர் எத்தனை பேர்? வராதவர்களின் பெயரேனும் நமக்கு நினைவிருக்கிறதா?

2. நீங்கள் இச்சங்கத்திற்கு முதன்முதல் வந்தபோது உங்களை உட்காரச் சொன்னவர் யார்? அன்று அவர் கூறியது என்ன?

3. நம் சங்கத்தில் ஒரு புதியவர் முதல்நாளே செய்யக்கூடிய பணிகள் ஐந்தினைக் கூறுக.

4. எவ்வகைப் பணியில் இருப்பவர் வந்தால் நமக்குச் சங்கடம் உண்டாகும்? அச்சங்கடத்தைப் போக்க வேண்டியவர் அவரா, நாமா?

இரயில் நிலையத்தில் கண்ட அப்பெண்ணின் வீட்டுக்கு அடுத்த வாரமே தனியாகச் சென்றேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்து முடித்த பிறகே பேசத் தொடங்கினேன். அன்று மாலை அவள் கணவர் வரும்வரை அங்கேயே இருந்தேன். இரண்டு கூட்டங்களுக்கு வந்தார்கள். குழந்தை ஆலயத்தில் மற்றப் பிள்ளைகளுடன் விளையாடினாள். அவ்வாண்டுக் கோடையில் பணிமாற்றம் காரணமாக அவர்கள் ஓசூருக்குச் சென்றுவிட்டார்கள்.

அவர்கள் புதிதாகக் குடியேறிய அவ்வீட்டுக் கதவை நம்மவர் எவரேனும் தட்டியிருப்பார்கள் என்றே நம்புகிறேன். இதைப் படிக்கும் உங்கள் தெருவிலும் அப்படியொரு வீடு இருக்கக்கூடும். செல்லுங்கள்; ரசீதுப் புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும்.

அறம் வளர்க!